மெழுகுக் காகிதத்தில் பதிந்த கோயில்கள்: லின்னேயஸ் டிரைப்பின் வாழ்வும் பணியும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளை 1858-ஆம் ஆண்டிலேயே ஒரே நீண்ட படமாகப் பதிவு செய்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 21 அச்சுகளை இணைத்து உருவாக்கப்பட்ட அப்படத்தின் நீளம் சுமார் 19 அடி. இந்தியப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படும் அவர், இத்துறையில் முனைப்புடன் இயங்கியது ஏறத்தாழ ஆறு ஆண்டுகளே.

இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் 1822-இல் பிறந்த டிரைப், 1838-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, மறு ஆண்டு சென்னை மாகாணத்துக்கு வந்தார். பின்னர் நீண்ட விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது புகைப்படக் கலையில் ஈடுபாடு கொண்டு, 1853-இல் லண்டன் புகைப்படக் கழகத்தில் உறுப்பினரானார்.

1854-இல் பெங்களூர் திரும்பிய அவர், அவ்வாண்டு இறுதியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855-இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் அப்படங்கள் பதக்கம் வென்றன. அதே ஆண்டு, பர்மிய மன்னர் மிண்டோனின் அவைக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவில் புகைப்படக் கலைஞராக இடம்பெற்று, 200-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களுடன் திரும்பினார். 1856-இல் சென்னை மாகாண அரசு அவரைத் தனது புகைப்படக் கலைஞராக நியமித்தது.

அக்காலத்தில் பரவலாகி வந்த கண்ணாடித் தகடு முறையில், மருந்து பூசிய தகடு ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். எனவே செல்லுமிடமெல்லாம் இருட்டறைக் கூடாரமும் உடன் செல்ல வேண்டியிருந்தது. டிரைப் பெரிதும் கையாண்டது மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவ் முறை. காகிதத்தை முன்கூட்டியே பதப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். படமெடுத்த பின் சற்றுத் தாமதித்தும் கழுவலாம். ஆயினும் ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் ஒளி பாய்ச்ச வேண்டியிருந்ததால், நடமாடும் மனிதர்கள் படத்தில் பதியவில்லை. அவருடைய கோயில் வீதிகள் ஆளரவமற்றுக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

அன்றைய ரசாயனப் பூச்சு நீல ஒளியை மிகையாகவும், பச்சை ஒளியை மிகக் குறைவாகவும் ஏற்றது. இதனால் அச்சில் வானம் வெறுமையாகவும் மரங்கள் கருந்திட்டுகளாகவும் தோன்றின. இக்குறையை நீக்க டிரைப் நெகட்டிவ் மீதே தூரிகையால் நிறம் தீட்டினார். நிறம் பூசிய இடத்தில் ஒளி ஊடுருவுவது குறைந்து, அச்சில் அப்பகுதி வெளிறித் தெரியும். இவ்வாறு வானில் மேகங்களும் மரங்களில் இலைகளின் ஒளியும் உருப்பெற்றன.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட அவர், நான்கு மாதங்களுக்கும் மேலாகப் பயணம் செய்து 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களை அப்பயணத்தில் படமெடுத்தார். சென்னை அருங்காட்சியகத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களையும் அதே ஆண்டில் பதிவு செய்தார். படங்கள் தொகுப்புகளாக அச்சிடப்பட்டன.

எனினும், 1859-இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் டிரெவெல்யன், இப்பணியை அரசால் தாங்க இயலாத ஆடம்பரச் செலவாகக் கருதி நிறுத்த ஆணையிட்டார். 1860-இல் பணி முடிவுக்கு வந்தது. அதன் பின்னரும் படைப்பணியில் நீடித்த டிரைப், புகைப்படக் கலையில் முன்போல் ஈடுபடவில்லை. ஓய்வுக்குப் பின் தாயகம் திரும்பிய அவர், 1902-இல் டெவன்போர்ட்டில் காலமானார்.

வீண் செலவென ஒதுக்கப்பட்ட அப்படங்கள் இன்று அரிய வரலாற்றுச் சான்றுகளாக விளங்குகின்றன. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை, 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் சீரமைக்கப்பட்டது. அதற்கு முன் அது சிதைந்து கிடந்த நிலையை டிரைப்பின் படங்களில் காணலாம். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் அவருடைய படங்களைத் தனிக் கண்காட்சியாக மக்கள் பார்வைக்கு வைத்தன.