ஆனந்தரங்கப் பிள்ளை

இந்தியருக்குச் சரித்திர உணர்ச்சி கிடையாதென்று ஐரோப்பிய ஆசிரியர் பலர் எழுதி வைத்தனர்; நம்மவரிற் கற்றோரும் அதற்குத் தலையசைத்தனர். அவ்வசைக்குப் புதுச்சேரியிலிருந்து மறுமொழி கூறியவர் ஒருவருண்டு. 1736 செப்டம்பர் 6-ந் தேதி தொடங்கி ஏறக்குறைய இருபத்தைந்து வருஷ காலம், கண்டதையும் கேட்டதையும் தாய்மொழியில் தினசரியாய் எழுதி வந்த ஆனந்தரங்கப் பிள்ளையே அவர்.

பிள்ளையவர்கள் 1709 மார்ச் 30-ந் தேதி சென்னையைச் சார்ந்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. அவர் தம் மைத்துனர் நைனியப்ப பிள்ளையை நம்பிப் புதுச்சேரியிற் குடியேறினார். நைனியப்பரோ பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாயிருந்து, பின் சிறையிலடைக்கப்பட்டு, 1717-ல் அங்கேயே மாண்டார். அன்னியர் தரும் பதவியின் நிலை இஃதே என்பதை ரங்கப் பிள்ளை இளமையிலேயே வீட்டிற் கண்டார். ஆயினும் அப்பதவியையே நாடினார். அக்காலத்து வர்த்தகக் குடியினர்க்கு வேறு வழி புலப்படவில்லை போலும்.

1726-ல் தந்தையார் காலமானார். கவர்னர் லெனுவார் பரங்கிப்பேட்டைக் காரியங்களை இவரிடம் ஒப்புவித்தார். ஆனந்தப்புரவி யென்னும் சொந்தக் கப்பலும் இவருக்கு இருந்தது. துபாஷி கனகராய முதலியார் 1746-ல் இறக்கவே, மறுவருஷம் துய்ப்ளேக்ஸின் கீழ்த் தலைமைத் துபாஷியானார். நவாபுகள் பட்டங்கள் ஈந்தனர். புலவர் பாமாலை சூட்டினர். இவற்றை விரிக்க வேண்டுவதில்லை.

விரிக்கத் தக்கது அவர் எழுதிய ஏடு. சந்தைச் செய்தி, கவர்னர் மாளிகையின் சூழ்ச்சி, துய்ப்ளேக்ஸ் மனைவியாரின் ஆதிக்கம், சாதிச் சண்டை யாவும் அதிலுண்டு. 1748-ல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டபோது, பிரெஞ்சுக்காரர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தனர். பிள்ளையவர்களால் அதைத் தடுக்க முடியவில்லை; உத்தியோகத்தையும் அவர் துறக்கவில்லை. ஆனால் நடந்ததை மறையாது எழுதினார். அவ்வேடு இன்றேல் அந்நாட்களில் நகரத்தார் பட்ட வேதனையை நம்மவர் வாயிலாக நாம் அறிய வழியேது? துரைமாரின் கடிதங்கள் அவர்கள் பக்கத்தையே பேசும்.

1743-ம் வருஷத்துக் குறிப்பொன்று இதனினும் கொடியது. ஏழை ஜனங்களைக் கூலி வேலை தருவதாக ஏய்த்தும் வழிமறித்துப் பிடித்தும், ஒரு வீட்டில் அடைத்துவைத்து, அடிமைகளாய்க் கப்பலேற்றிய செய்தி அது. அந்நூற்றாண்டில் பூர்போன், மொரீசு தீவுகளின் தோட்டங்களுக்குத் தமிழரும் ஆப்பிரிக்கரும் ஒருங்கே விற்கப்பட்டனர். அமெரிக்காவில் அடிமைப்பட்டோரின் மகனாகிய கார்ட்டர் உட்சன், தம் இனத்தாரின் சரித்திரத்தைத் தேடித் தொகுக்க 1915-ல் ஒரு சங்கமே நிறுவினார். நம்மிற் கடல் கடத்தப்பட்டோர்க்கோ, ஒரு துபாஷியின் நாட்குறிப்பில் கிடைத்த சில வரிகளே சாட்சி. பிள்ளையவர்கள் செல்வர் கண்கொண்டே உலகைப் பார்த்தவர். துய்ப்ளேக்ஸைப் புகழ்வதில் அளவு மீறியவர். எனினும் பார்த்ததை எழுதினார்.

துய்ப்ளேக்ஸ் 1754-ல் திருப்பியழைக்கப்பட்டபின் செல்வாக்குக் குன்றியது. 1756-ல் பதவியும் போயிற்று. நோயுற்று, 1761 ஜனவரி 12-ந் தேதி உயிர் நீத்தார். நான்கு நாட்களில் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் அவர்கள் அதைத் தரைமட்டமாக்கினர். அவர் மாளிகை மட்டும் ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கிறது.

ஏடுகள் எண்பது வருஷத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தன. 1846-ல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். அரியேல் என்பவர் எழுதுவித்த பிரதி பாரீசு நகரத்து நூலகம் சேர்ந்தது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழிற் பதிப்பிக்கும் வேலை புதுச்சேரியில் தொடங்கியது 1948-ல். அப்போதும் நகரத்தின் மேல் பறந்துகொண்டிருந்தது பிரெஞ்சுக் கொடியே.