தேவசகாயமும் வடக்கன்குளத்துச் சுவரும்

புனிதர் தேவசகாயத்தின் வாழ்வைப் பேசுவோர் பெரும்பாலும் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடி மலையோடு நிறுத்திக்கொள்கின்றனர். அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளம் பங்கின் பிற்கால வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் அவ்வாழ்வின் முழுப் பொருள் விளங்கும் என்று நாம் கருதுகிறோம்.

1712 ஏப்ரல் 23 அன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில், நாயர் குடும்பமொன்றில் பிறந்தவர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றினார். 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் வழியாக அவருக்குக் கிறித்தவம் அறிமுகமாயிற்று. அரண்மனை ஊழியர் ஒருவர் மதம் மாறுவதைத் திருவிதாங்கூர் பொறுக்காது. எனவே எல்லை கடந்து வடக்கன்குளம் சென்று, 1745இல் இயேசு சபைக் குருவான புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

1749இல் அவர் கைதானார். அரச துரோகமே குற்றம் என்று திருவிதாங்கூர்த் தரப்பு வரலாற்றாசிரியர் சிலர் வாதிடுவர். நம்பிக்கைக்காகவே கொல்லப்பட்டார் என்பது திருச்சபையின் முடிவு. இரு தரப்பும் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. ஆதிக்க சாதியில் பிறந்த அதிகாரி ஒருவர், தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார், உடன் உண்டார். அவருக்கு அளித்த தண்டனையின் வடிவமே இதற்குச் சான்று என்போம். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின் மீது பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊர் ஊராக இழுத்துச் சென்றனர் என்கிறது மரபு. உயிரை எடுக்குமுன் சாதி மதிப்பை ஊரறியப் பறிக்கும் சடங்கு அது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகில் சுட்டுக் கொன்றனர். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவரைச் சாதியிலிருந்து வெளியே வரவழைத்த வடக்கன்குளத்திலோ சாதி கோயிலுக்குள் குடியேறிற்று. 1872இல் எழுந்த புதிய ஆலயம் இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. வேளாளர் ஒரு கிளையிலும் நாடார் முதலான பிறர் மற்றொன்றிலும் நின்றனர், இடையில் தடுப்பு. இரண்டும் சேருமிடத்தில் பீடம். ஒரே நற்கருணையை வாங்கியவர்கள் ஒருவரையொருவர் பாராமல் வழிபட ஒரு கட்டடக் கலையே தேவைப்பட்டது!

1910ஆம் ஆண்டளவில் கௌசானல் அடிகள் அத்தடுப்பை அகற்றினார். வேளாளர் தரப்பு விடவில்லை. பிரிவினை தங்கள் வழக்காற்று உரிமை என்று ஆயர் பார்த்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. மைக்கேல் பிள்ளை வழக்கு என்று சட்ட மாணவர் அறிந்த அவ்வழக்கில், ஆலயத்துக்குள் சாதித் தனியிடம் கோரும் உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அங்கு நடந்தது பெரிதும் வேளாளர்–நாடார் மோதல் என்பதையும் மறக்கலாகாது. தலித் கத்தோலிக்கரின் தனிக் கல்லறைகளுக்கும் தேர் வராத தெருக்களுக்கும் அத்தீர்ப்பு எட்டவில்லை.

2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்குமுன் எழுந்த எதிர்ப்பினால், அவர் பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்னும் சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. எருமை மீது ஏற்றியபோதே கழன்றுவிட்ட பட்டத்தை ஏடுகளிலிருந்து எடுக்க 270 ஆண்டுகள் ஆயின.

அரசின் ஏடுகள் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கிற்று. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றும் வெளியே. ஒரகடம் ஆலைகளில் ஷிப்டு முடித்து ஞாயிறு திருப்பலிக்குப் போகும் தலித் கத்தோலிக்க இளைஞரின் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்றே இருக்கும். ஊரில் அவருடைய பாட்டனாரின் கல்லறை மட்டும் சேரியோரம் தனியே கிடக்கும்.