விளக்கேந்திய மாதரசியின் கணக்கேடு

கையில் விளக்குடன் நோயாளரின் கட்டில்களுக்கிடையே நடக்கும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை ஊரில் பள்ளிப் பருவத்திலேயே அறிந்தவர்கள் நாம். அவரது மறுகையில் ஒரு கணக்கேடும் இருந்தது. அதைப்பற்றிச் சொல்வதே கணக்காளனாகிய என் ஆசை.

1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், வசதிபடைத்த ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். நகரின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் தாதிப் பயிற்சி பெற்றார். பின்னாளில் அங்கேயே பயின்ற கத்தின்கா குல்ட்பெர்க் அம்மையார்தான், 1868இல் கிறிஸ்தியானியா என்றிருந்த எமது ஒஸ்லோவில் நோர்வேயின் முதலாவது தாதியர் பயிற்சியைத் தொடக்கினார்.

கிரிமிய யுத்தத்தின்போது, 1854 நவம்பரில், 38 தாதியருடன் துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். இரவுபகலாக உழைத்தும் மரணங்கள் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் வரை இறந்தனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கழிவுக்கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கு வழிசெய்தது. யூன் மாதத்தில் அத்தொகை சுமார் 2 ஆக வீழ்ந்தது.

நாடு திரும்பியவரை மக்கள் தெய்வமாகப் போற்றினர். அவரோ புள்ளிவிபர அறிஞர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து இறந்தோரின் கணக்கைப் பார்த்தார். காயத்தால் மாண்டவர் சிலர். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டவரே பலர். தாம் பணியாற்றிய வைத்தியசாலையின் அசுத்தமும் அதற்குக் காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. அமைச்சர்களுக்கும் விளங்கும்படி வண்ண வரைபடமாக்கி 1858இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே இலண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரானார்.

அடுத்து இந்தியா. அங்கு ஒருநாளும் அவர் சென்றதில்லை. படைமுகாம்கள்தோறும் வினாப்பத்திரம் அனுப்பி விபரம் திரட்டினார். பிரித்தானியப் படையினர் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறப்பதை 1863ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. மறு ஆண்டே சென்னை, வங்காள, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணைக்குழுக்கள் அமைந்தன. பத்தாண்டுகளில் அவ்வீதம் 18 ஆகக் குறைந்ததென அவரே கணக்குக் காட்டினார். குடியேற்ற நாடுகளின் பாடசாலைகள், வைத்தியசாலைகள் பற்றிய அவரது ஆய்வில் எமது இலங்கையும் இடம்பெற்றது.

குறையற்றவர் அல்லர். நோய்க்குக் கிருமியே காரணம் என்பதை நெடுங்காலம் ஏற்க மறுத்தார். ஆயினும் 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் நிறுவிய பயிற்சிக்கூடம் உலகத் தாதியருக்கு வழிகாட்டியாயிற்று. 1910 ஓகஸ்ட் 13இல், 90ஆவது வயதில் காலமானார்.

அன்பர்களே, எம்மவர் பலர் இன்று ஒஸ்லோவின் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரிகின்றனர். வேலை முடியும் நேரத்தில் எழுதும் அந்தச் சில வரிகளை வெறும் கடமையென்று எண்ணவேண்டாம். விழுந்தவர் எத்தனை பேர், படுக்கைப்புண் கண்டவர் எத்தனை பேர் என்று சரியாகக் குறித்தால்தான், மேலிடத்தின் திட்டம் நோயாளிக்கு நன்மை செய்கிறதா என்று கேட்கமுடியும். அன்பு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதே அம்மையாரின் வாழ்வு எமக்குக் கூறும் பாடம்.