பட்டாணிச் செடியைப் படம் பிடித்தவர்

ஏர்வாடி தர்காவில் ஆண்டுதோறும் சந்தனக்கூடு விழா நடக்கிறது. கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில், கழுத்தில் காமிரா தொங்க நிற்கும் வாலிபர்களைப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரே காமிராதான். அதில் போட்டோவும் எடுக்கிறார்கள், வீடியோவும் எடுக்கிறார்கள்.

போட்டோவுக்காகச் செய்த காமிரா, ஓடும் படத்துக்குப் போதுமா?

இது இன்றைய கேள்வி போலத் தோன்றும். ஆனால், 100 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதற்கு விடை தேடிக் கடல் கடந்து போனார். அதற்காகத் தன் இன்சூரன்ஸ் பத்திரங்களையே அடகு வைத்தார்.

அவர்தான் தாதாசாகிப் பால்கே. இந்திய சினிமாவின் தந்தை என்று புகழப்படுகிறவர்.

பால்கே 1870-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, நாசிக் அருகே உள்ள திரியம்பகம் என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த பால்கே. தந்தை சமஸ்கிருத பண்டிதர். மகனுக்கோ சித்திரத்தில் ஆசை. பம்பாயிலும் பரோடாவிலும் ஓவியம் கற்றார். அங்கேதான் போட்டோ காமிரா அவர் கைக்கு வந்தது. படம் எடுக்க மட்டும் அல்ல. இருட்டறையில் கழுவவும், அச்சுக்கு பிளாக் செய்யவும் கற்றுக்கொண்டார்.

கோத்ரா என்ற ஊரில் போட்டோ நிலையம் வைத்தார். அங்கே பிளேக் நோய் பரவியது. மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். மனம் உடைந்து பரோடாவுக்குத் திரும்பினார். அங்கே வேறொரு தொல்லை! காமிரா முன்னால் நின்றால் உயிர்ச்சத்து போய்விடும் என்று மக்கள் பயந்தார்கள். தொழில் படுத்தது. நாடகத் திரைச்சீலை எழுதினார். மந்திர வித்தை கற்றார். தொல்பொருள் துறையில் வேலை பார்த்தார். பிறகு அச்சகம் நடத்தினார். கூட்டாளிகளோடு ஒத்துப்போகவில்லை. அதையும் விட்டார்.

கண் கெட்டது!

1911-ம் ஆண்டு. பம்பாயில் ஒரு கொட்டகையில் ஏசுநாதர் வாழ்க்கையைப் பற்றிய சலனப்படம் ஓடியது. பால்கே பார்த்தார். நம் ராமனையும் கிருஷ்ணனையும் இப்படித் திரையில் காண முடியாதா என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு தூக்கம் ஏது? நாள்தோறும் படம் பார்த்தார். விடாமல் பார்த்ததில் கண் பார்வை கெட்டது. வைத்தியம் செய்து, பல கண்ணாடிகள் மாற்றித்தான் பார்வை திரும்பியது.

அவருக்குப் போட்டோ தொழில் தலைகீழ்ப் பாடம். ஆனாலும், தன் காமிராவால் இந்த வேலை ஆகாது என்று தெரிந்துகொண்டார். ஏன்?

சினிமா என்பது ஓடும் படம் அல்ல. நின்ற படங்களின் வரிசை! ஒரு நொடியில் சுமார் 16 படங்கள் அடுத்தடுத்து ஓடினால், கண் ஏமாந்து, ஆள் நடப்பதாக எண்ணிக்கொள்கிறது. அக்காலப் போட்டோ காமிராவில் ஒரு படம் எடுத்தால், தகட்டை மாற்றித்தான் அடுத்தது. நொடிக்கு 16 எடுப்பது எப்படி?

சினிமா காமிராவில் பிலிம் சுருளின் ஓரத்தில் சம இடைவெளியில் துளைகள் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால், பற்கள் அந்தத் துளைகளில் மாட்டிப் பிலிமை இழுக்கும். படம் பதியும் கணத்தில் பிலிம் அசையாமல் நிற்கவேண்டும். மறு கணத்தில் நகரவேண்டும். துளை சற்றுத் தவறினால் திரையில் எல்லாம் குதிக்கும்!

1912 பிப்ரவரியில் பால்கே லண்டனுக்குக் கப்பல் ஏறினார். 50 பவுனுக்கு வில்லியம்சன் காமிரா ஒன்று வாங்க ஏற்பாடு செய்தார். துளை போடும் கருவிக்கும் பிலிமுக்கும் சொல்லி வைத்தார். ஏப்ரலில் ஊர் திரும்பினார்.

காமிரா வந்தது. ஆனால் பணம் தீர்ந்துவிட்டது. கடன் கொடுப்பவர்களை நம்ப வைக்க வேண்டுமே!

ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்தார். எதிரே காமிராவை நிறுத்தினார். வேகமாகச் சுற்ற வேண்டிய காமிராவைப் போட்டோ காமிரா போலவே ஆக்கினார். இடைவெளி விட்டு விட்டு, ஒவ்வொரு படமாக எடுத்தார். ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது இந்த வேலை. திரையில் ஓட்டியபோது, சுமார் ஒரு நிமிடத்தில் விதை முளைத்து, செடியாகி, கொடியாகப் படர்ந்தது! பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். கடன் கிடைத்தது.

சினிமா காமிரா போட்டோ காமிராவின் வேலையைச் செய்தது. அதன் வேலையைப் போட்டோ காமிராவால் செய்ய முடியவில்லை. ஆனால், பட்டாணிப் படத்தை எடுக்கத் தேவைப்பட்ட பொறுமையும், வெளிச்சம் அறிந்த கண்ணும் போட்டோக்காரருடையவை.

சரசுவதி அம்மாள்

இரண்டாவது மனைவி சரசுவதி அம்மாளைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டில் தங்கிய குழு முழுவதற்கும் சோறு பொங்கினார். இரவில் இருட்டில் உட்கார்ந்து பிலிமுக்குத் துளை போட்டார், படங்களைக் கழுவினார். பகலில் வெயிலில், நடிகர் மேல் வெளிச்சம் விழ வெள்ளைத் துணியைப் பிடித்து நின்றார்.

ராஜா அரிச்சந்திரா படம் 1913 மே 3-ந் தேதி வெளிவந்தது. நீளம் 3,700 அடி. ஓர் அடிக்கு 16 படம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 59,200 போட்டோக்கள்! பெண்கள் நடிக்க முன்வரவில்லை. ஓட்டலில் வேலை பார்த்த சாளுங்கே என்ற வாலிபர் சந்திரமதியாக வந்தார்.

1917-ல் லங்கா தகனம். இதில் சாளுங்கேதான் ராமன், அவரேதான் சீதையும்! காமிராவை நிறுத்தி ஆளை மாற்றுவது, ஒரே பிலிமில் இருமுறை படம் பதிப்பது போன்ற வித்தைகளில் பால்கே கைதேர்ந்தவர். சென்னையில் இந்தப் படத்துக்கு வசூலான சில்லறையைப் போலீஸ் காவலுடன் மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றதாகச் சொல்வார்கள்.

ஒலி வந்தது

1931-ல் இந்தியப் படம் பேசத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் பால்கே எடுத்துக்கொண்டிருந்த படம் சேதுபந்தன். ராமன் கடலுக்கு அணை கட்டிய கதை. அந்த அணை தொடங்கிய இடம் என்று நம்பப்படும் சேதுக்கரை, ஏர்வாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. படம் ஊமையாக எடுக்கப்பட்டது. பிறகுதான் ஒலி சேர்த்தார்கள்.

போட்டோ காமிராக்காரர்களுக்கும் இன்று இதே சங்கடம் உண்டு. 2008-ல் நிக்கான் டி90 என்ற போட்டோ காமிரா வீடியோவும் எடுத்தது. டி.எஸ்.எல்.ஆர். வகைக் காமிராக்களில் அதுதான் முதல். ஆனால் உயர்ந்த தரத்தில் ஒரே மூச்சில் 5 நிமிடம்தான் எடுக்கும்! கல்யாண வீட்டில் முக்கியமான நேரத்தில் நின்றுபோனால் என்ன ஆவது? பின்னால் வந்த காமிராக்களில் இந்தக் குறை பெரிதும் தீர்ந்தது. ஆனால் பேச்சும் பாட்டும் நன்றாகக் கேட்க, இப்போதும் பலர் தனி மைக்கைத்தான் நம்புகிறார்கள்.

பால்கே எடுத்த ஒரே பேசும் படம் கங்காவதரணம். 1937-ல் வந்தது. அதோடு ஓய்ந்தார். சுமார் 95 படங்களை எடுத்தவர் கையில் பணம் தங்கவில்லை. 1944 பிப்ரவரி 16-ந் தேதி நாசிக்கில் காலமானார். 1969-ல் மத்திய சர்க்கார் அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது. பின்னாளில் அந்த விருது நம் சிவாஜி கணேசனுக்கும் கிடைத்தது.