நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரம் அளந்தவர்

தி.நகரிலிருந்து வள்ளுவர் கோட்டம் தாண்டிப் போனால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை மையம் இருக்கிறது. புயல் சமயத்தில் டி.வி.யில் அடிபடுமே, அதே ஆபீஸ்தான். அந்த வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் எழுந்த மதராஸ் வானாய்வுக்கூடத்தின் மிச்சம் அது. அங்கே முப்பது வருஷம் உழைத்தவர் நார்மன் ராபர்ட் போக்சன்.

1829-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தார். பதினெட்டு வயசுக்குள், அதாவது நம்ம வயசில், இரண்டு வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணக்குப் போட்டுவிட்டார்!

பழங்கால கிரேக்கர்கள் நட்சத்திரங்களைப் பிரகாசத்தை வைத்து ஆறு தரமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு தரத்துக்கும் அடுத்ததுக்கும் எத்தனை மடங்கு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. 1856-ல், ஆக்ஸ்போர்டில் வேலை பார்த்தபோது, அதை 2.512 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் போக்சன். ஏன் இந்த விநோதமான எண்? லாக் டேபிளைப் புரட்டுங்கள்: அதன் மடக்கை 0.4. ஐந்து தரம் இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். கணக்கு சுலபம். உலகம் முழுக்க இன்றும் இதே அளவுகோல்தான்.

1861-ல் மதராஸ் வந்தார். அதே வருஷம் ஏப்ரல் 17-ல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசிய மண்ணிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதன் பெயரும் ஆசியா! அவரிடம் வேலை பார்த்த நம்ம ஊர்க்காரர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் அடையாளம் கண்டார். போக்சனின் மகள் ஐசிஸும் அங்கே உதவியாளராக இருந்தார்.

அளப்பது லேசான வேலையில்லை. இரவு குளிரக் குளிர டெலஸ்கோப்பின் உலோகக் குழாய் சுருங்கும், ஃபோகஸ் நகரும். நட்சத்திரம் பரந்து மங்கும். இன்றைக்குக் கம்ப்யூட்டர் நாலைந்து படம் எடுத்துப் பார்த்து, புள்ளி எங்கே சின்னதாகிறதோ அங்கே ஸ்டெப்பர் மோட்டாரை நிறுத்திவிடும். போக்சனுக்கு விரலும் கண்ணும்தான். ஒளி மாறும் நட்சத்திரத்தைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு நோட்டில் குறிப்பார்.

குறிப்புகள் குவிந்தன. கணக்குப் போட ஆள் போதவில்லை. அச்சேற்றத் தாமதம் என்று லண்டனிலிருந்து குறை சொன்னார்கள். 1880-ல் ரகுநாதாச்சாரியும் மறைந்தார். போக்சன் 1891-ல் இங்கேயே கண் மூடினார். ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பற்றிய அவரது குறிப்புகள் அதற்கப்புறம்தான் புத்தகமாயின.

உலகத்துக்கே அளவுகோல் கொடுத்த மனுஷரின் நோட்டுகளே காத்துக்கிடந்தன! லேப்பில் ரீடிங் எடுக்கிறதோடு வேலை முடிவதில்லை, தோழர்களே. அன்றன்றைக்கே கணக்கை முடித்து ரெக்கார்டில் ஏற்றினால்தான் அது அடுத்தவனுக்கும் உதவும்.