பிரேத மனிதனுக்குத் தமிழ் தந்தவர்

தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதுவோர் புதுமைப்பித்தனை வறுமையையும் ஏமாற்றத்தையும் படம்பிடித்த நடப்பியல் எழுத்தாளராகவே பெரிதும் காட்டுவர். ‘பொன்னகரம்’, ‘துன்பக்கேணி’ ஆகிய கதைகள் மிகுதியும் பேசப்படுவது இதனாலேயே. அவருக்கு மற்றொரு முகமும் உண்டு. பேயும் வேதாளமும் காலதேவனும் உலவுகின்ற அற்புதக் கதைகளை ஆர்வத்தோடு எழுதியவர் அவர். உலகின் முதல் அறிவியல் புனைகதை என அறிஞர் பலர் கருதும் நாவலைத் தமிழாக்கியவரும் அவரே. தென்காசி வட்டார மாணவர்கள் அவர் வாழ்வை அறிந்துகொள்ளத் தனிக் காரணமும் உண்டு. அவர் எழுத்து முதன்முதலில் அச்சேறியது தென்காசிப் பெருமகன் ஒருவரின் இதழில். அவர் இறுதியாகக் கண்ட பெருங்கனவு குற்றாலத்து இலக்கியத் தலைவி ஒருத்தியின் பெயரைத் தாங்கியது.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர் 1906 ஏப்ரல் 25-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் வருவாய்த்துறையில் பணிபுரிந்தமையால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என ஊர் ஊராகத் தொடக்கக் கல்வி அமைந்தது. அன்னை பர்வதத்தம்மாளை இளமையிலேயே இழந்தார். 1918-இல் குடும்பம் சொந்த ஊராகிய திருநெல்வேலிக்குத் திரும்பியது. நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று 1931-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டில் கமலாம்பாளை மணந்தார். அரசுப் பணி தேடுவதே பட்டதாரிக்கு இயல்பு எனக் கருதப்பட்ட அந்நாளில் அவர் எழுத்தையே பிழைப்பாகத் தேர்ந்தார்.

1933-இல் ‘காந்தி’ இதழில் ‘குலாப்ஜான் காதல்’ வெளிவந்தது. அவ்விதழை நடத்தியவர் தென்காசி தந்த இதழாளர் டி. எஸ். சொக்கலிங்கம். கு. சீனிவாசன், வ. ரா. ஆகியோருடன் சேர்ந்து ‘மணிக்கொடி’யைத் தொடங்கியவரும் அவரே. புதுமைப்பித்தன் புகழ்பெற்றது ‘மணிக்கொடி’யில்; ஊதியம் பெற்றது சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த ‘தினமணி’யில். 1943-இல் சொக்கலிங்கம் ‘தினமணி’யிலிருந்து விலகியபோது இவரும் உடன் விலகினார், பின்னர் அவர் தொடங்கிய ‘தினசரி’யிலும் பணியாற்றினார். தென்காசிக்காரரின் ஆதரவு நெல்லைக்காரருக்கு வாய்த்த வரலாறு இது.

‘ரசமட்டம்’ என்ற புனைபெயரில் திறனாய்வு எழுதிய அவர், நூல்களைப் பற்றிய தம் கருத்தை எவர்க்காகவும் மென்மைப்படுத்தியதில்லை. பிறநாட்டுக் கதையின் பெயர்களையும் ஊர்களையும் மாற்றிச் சொந்தக் கதைபோல் வெளியிடும் தழுவல் முறையைக் கடுமையாக எதிர்த்தார். புகழின் உச்சியில் இருந்த கல்கியையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லி மொழிபெயர்ப்பதே நேர்மை என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்குத் தாமே சான்றாகவும் நின்றார். உலகச் சிறுகதைகள் பலவற்றை மொழிபெயர்த்ததோடு, மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழுக்குத் தந்தார்.

அந்நாவலின் உயிர்நிலை யாது? அறிவின் துணையால் உயிரைப் படைக்கும் இளைஞன், தன் படைப்பின் முகத்தைக் கண்டதும் அஞ்சி ஓடுகிறான். பெயர்கூடச் சூட்டப்படாத அப்படைப்பு, தன்னைக் கைவிட்டவனிடம் நியாயம் கேட்கிறது. படைத்தவனுக்கும் படைக்கப்பட்டதற்கும் இடையே தீராது நிற்கும் கணக்கே அதன் பொருள். புதுமைப்பித்தனின் அற்புதக் கதைகளை இந்நாவலோடு சேர்த்துப் படிப்போர் அதே கணக்கு அங்கும் எழுதப்பட்டிருப்பதைக் காண்பர்.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் இறைவன் சென்னைக்கு வருகிறான், காப்பி அருந்துகிறான், வைத்திய இதழுக்குச் சந்தாதாரனும் ஆகிறான். வரம் தருவது எளிது, மனிதரோடு மனிதராய் வாழ்வது அரிது என உணர்ந்து மறைகிறான். ‘சாப விமோசன’த்தில், சீதையைத் தீக்குளிக்கச் செய்த செய்தியைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். மீட்டவனிடமே நீதி தவறக் கண்டவள், மீட்சியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். ‘பிரம்ம ராக்ஷஸ்’, சாவை வெல்ல முயன்று வாழ்வுமின்றிச் சாவுமின்றி இடையே சிக்கியவனின் துயரம். ‘காலனும் கிழவியும்’ கதையிலோ உயிர் கவர வந்த காலன் ஒரு நாட்டுப்புற மூதாட்டியின் முன் தோற்றுத் திரும்புகிறான். ‘கபாடபுரம்’ வாசகரைக் குமரிக் கடலடியில் மூழ்கிய நகருக்கே அழைத்துச் செல்கிறது.

பேயை அவர் நம்பினாரா என்னும் வினா ‘காஞ்சனை’யைப் படித்த பலர்க்கும் எழும். நம்பிக்கை வேறு, அச்சம் வேறு என்பதை அவர் மறைத்தவரல்லர். நம்பாதவனும் நள்ளிரவில் அஞ்சுகிறான், அவ்வச்சம் மெய்யானது, மெய்யானதை எழுதுவது இலக்கியத்தின் கடமை. நடவாததைக் கூறும் கதையும் மெய்யுரைக்க வல்லது என்பதே அவர் படைப்புகள் நமக்குத் தரும் பாடம். விக்கிரமாதித்தன் கதையையும் இசுலாமியத் தமிழ் மரபின் கிஸ்ஸாக்களையும் திண்ணையில் கேட்டு வளர்ந்த சமுதாயத்திற்கு அற்புதக் கதை அயலானதன்று. அதனைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கெனத் தள்ளும் மனப்பான்மையே அயலானது.

1940-களின் நடுவில் அவரைத் திரைத்துறை ஈர்த்தது. ‘ஔவையார்’, ‘காமவல்லி’ படங்களுக்கு எழுதினார். அன்னையின் நினைவாகப் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி ‘வசந்தவல்லி’ என்றொரு படத்தை எடுக்க முனைந்தார். வசந்தவல்லி, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியின் தலைவி; திரிகூட மலையின் இறைவன்மீது காதல் கொண்டவள். அம்முயற்சி கைகூடவில்லை, பொருள் இழப்பே மிஞ்சியது. பின்னர் எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படப்பணிக்காகப் புனே சென்றவரைக் காசநோய் பற்றியது. 1948 ஜூன் 30-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது அவருக்கு 42 வயது. மகள் தினகரி இரு வயதுக் குழந்தை.

இன்று மாயக் கதைகளும் விண்வெளிக் கதைகளும் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் ஓயாது ஓடுகின்றன. அவற்றை விரும்பும் மாணவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. புதுமைப்பித்தனின் அளவுகோலை அவர்கள் கையில் கொடுத்தால் போதும். இக்கதை யாரிடமிருந்து பெறப்பட்டது? அக்கடன் ஒப்புக்கொள்ளப்பட்டதா? வியப்பு அடங்கிய பின் இதில் மிஞ்சுவது என்ன? இம்மூன்று வினாக்களோடு ‘பிரேத மனித’னையும் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்ப்பார்களாக. நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் உலகப் படைப்பாளரோடு தோளுரசி நின்றதை அப்போது அவர்களே கண்டுகொள்வர்.