மழைக்குள்ளே மலர் தேடியவர்

ஆடி மாதத்தில் ஒலுவில் கரையில் நிற்பவர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றி எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தன் நீரையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, வெறுங்கையுடன் எமது வயல்களைக் காய வைத்துக்கொண்டு கடலுக்குப் போகும் காற்று அது. ஆனால் கடலில் இறங்கியதும் அது மீண்டும் நீரை அள்ளிக்கொள்கின்றது. வங்காள விரிகுடாவைக் கடந்து, வடக்கே இமயத்தின் சிக்கிம் மலைகளில் முட்டி, அங்கே மாதக்கணக்காக மழையாய்ப் பொழிகின்றது. நாம் மாரிக்காகக் கார்த்திகையை எதிர்பார்த்திருக்கும் வேளையில், அங்கே பாதைகள் சரிந்து, பாலங்கள் அள்ளுண்டு போகும்.

அந்த மழைக்குள்ளே நின்று, மரமும் வளராத உயரங்களில் காட்டு மலர்களைத் தேடிய ஒருவரின் வாழ்வை இவ்வாரம் நோக்குவோம். அவர்தான் சேர் ஜோசப் டால்ரன் ஹூக்கர். தாவரவியல் படிக்கும் மாணவர்கள் அவர் பெயரை அறிவார்கள். இலங்கைத் தாவரங்களுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்கள் குறைவு.

ஹூக்கர் 1817ஆம் ஆண்டு ஆனி 30ஆம் திகதி இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஹூக்கர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியர். பின்னர் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர். ஏழு வயதிலேயே தந்தையாரின் விரிவுரைகளுக்குப் போய் அமர்ந்த பிள்ளை, வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று, 1839இல் உதவி வைத்தியராகக் கப்பலேறித் தென்துருவக் கடல்வரை சென்று 1843இல் திரும்பினார். பனிப்பாறையும் பாசியும் போதுமென்றாயிற்று. பூக்கள் செறிந்த உயர்மலை ஒன்றைக் காணவேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. 1847ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியாவின் புதிய தேசாதிபதியாகப் பதவியேற்கச் சென்ற டல்ஹௌசி பிரபுவின் கப்பலிலேயே புறப்பட்டு, 1848 சித்திரை மாதத்தில் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார்.

அங்கேதான் அவருடைய சோதனை தொடங்கிற்று. அந்த உயரங்களில் வைகாசி வரை பனி கிடக்கும். ஆனி முதல் புரட்டாதி வரையான நான்கு மாதங்களே செடிகளுக்கு வாழ்நாள். தளிர்ப்பதும் பூப்பதும் காய்ப்பதும் அதற்குள் முடிந்துவிட வேண்டும். மழை பொழிவதும் அதே நான்கு மாதங்களில்தான். வானம் வெளுத்து, மலைச்சிகரங்கள் துல்லியமாகத் தெரியும் ஐப்பசி, கார்த்திகையில் போனால் பாதை நன்றாக இருக்கும், பூ இராது. 1848 ஐப்பசியில் 56 பேர் கொண்ட குழுவுடன் அவர் கிழக்கு நேபாளத்துக்குப் போனது அப்படித்தான். விதைகளும் காய்ந்த தண்டுகளும் கிடைத்தன. பூவைப் பார்க்க வேண்டுமாயின் மழையில்தான் போகவேண்டும், அதே செடியின் விதை வேண்டுமாயின் பனி விழத் தொடங்கும் நேரத்தில் இன்னொரு முறை ஏறவேண்டும் என்பதை அவர் விளங்கிக்கொண்டார்.

ஆகவே 1849 வைகாசியில், மழை தொடங்கும் தறுவாயில், சிக்கிமுக்குள் புறப்பட்டார். பள்ளத்தாக்குகளில் அட்டைக் கடி, கண்ணுக்குத் தெரியாத சிறு ஈக்களின் கடி. ஆறுகளுக்கு மேலே பிரம்பால் கட்டிய பாலங்கள். காலையில் சற்று நேரம் வானம் திறக்கும். முற்பகலிலேயே கீழிருந்து மூடுபனி ஏறி, கைக்கெட்டிய தூரத்துப் பாறையையும் மறைத்துவிடும். பறித்த செடிகளைத் தாளுக்கிடையே அழுத்தி உலர்த்த வேண்டும். அந்த ஈரத்தில் தாளையே நெருப்பில் காயவைத்த பின்னர்தான் செடியைக் காயவைக்கலாம். ஒரு நாள் கவனியாது விட்டாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். உயரத்தை அளப்பதற்குத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைப் பார்த்தார். மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் அல்லவா?

லாச்சென் பள்ளத்தாக்கில் நாட்கணக்காகக் காத்திருக்க நேர்ந்தது. டார்ஜிலிங்கிலிருந்து வரவேண்டிய அரிசி, மழை பாதையைக் கெடுத்ததால் வரவில்லை. ஆட்கள் பசியோடு கிடந்தார்கள். காட்டுக் கீரைகளையும் கிழங்குகளையும் தின்று சமாளித்தார்கள். சுமை சுமந்தவர்களும் மரமேறிப் பூப்பறித்தவர்களும் செடிகளை உலர்த்தப் பழகிக்கொண்டவர்களும் லெப்சா, பூட்டியா மக்கள். செடிகளுக்குத் தம் நண்பர்களின் பெயர்களையும் பிரபுக்களின் பெயர்களையும் ஹூக்கர் தாராளமாகச் சூட்டினார். டல்ஹௌசி சீமாட்டி பெயரில் ஒரு பூ உண்டு. நண்பர் ஹொட்சன் பெயரில் ஒன்று உண்டு. பசியோடு அரிசிக்குக் காத்திருந்தவர்களின் பெயர் எந்தப் பூவிலும் இல்லை. இதை நாம் சொல்லாமல் விடுவது நியாயமன்று.

அந்த மழையில் அவர் கண்ட மலர்களில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 14,000 அடி உயரத்தில், ஏறமுடியாத கரும்பாறைச் சரிவில், ஒரு மைல் தொலைவிலேயே வெளிறிய சிறு கோபுரங்கள் போன்று ஏதோ தெரிந்தன. அவை என்னவென்று முதலில் அவருக்கு விளங்கவில்லை. பின்னர் கிட்டப்போய்ப் பார்த்தபோது, ஓர் ஆளின் இடுப்பளவு உயரமான செடி. வெண்மஞ்சள் நிறமான மெல்லிய இலைகள் கூரை ஓடுகள் போல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்திருந்தன. அவற்றைத் தூக்கிப் பார்த்தால் உள்ளேதான் உண்மையான சிறு பூக்கள் மழையும் காற்றும் படாமல் இருந்தன. அவ்விலைகள் ஒளியை உள்ளே விட்டுச் சூட்டைத் தேக்கி வைப்பதையும், உயர்மலை வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுப்பதையும் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. கியூ பூங்காவில் மனிதர் இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டிய வீட்டை, இந்தச் செடி தன் இலையாலேயே கட்டிக்கொண்டுள்ளது. அங்குள்ள மக்களோ அதன் புளிப்பான தண்டைச் சாப்பிடுவார்கள். றூம் நோபிலே என்பது அதன் விஞ்ஞானப் பெயர்.

மற்றது றொடோடென்ட்ரன். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் சிவப்பாய்ப் பூத்து நிற்கும் மரம் இந்த இனந்தான். நீலகிரியில் தமிழர் இதைக் காட்டுப் பூவரசு என்பர். எமது தீவில் ஒரே வகை. சிக்கிமிலோ பெருமரமாகவும், பிற மரங்களின்மேல் தொற்றி வளர்வதாகவும், மேலே போனால் விரலளவு உயரத்தில் தரையோடு படர்வதாகவும் பல வகைகளை ஹூக்கர் கண்டார். அவர் அனுப்பிய படங்களையும் உலர்ந்த கிளைகளையும் வைத்து, அச்செடிகளை மலையிற் கண்டிராத ஃபிற்ச் என்ற ஓவியர் லண்டனில் வரைந்தார். ஹூக்கர் இன்னும் மலையில் நனைந்துகொண்டிருக்கையிலேயே 1849இல் நூலின் முதற்பகுதி வெளியாயிற்று. இலையுதிர் காலத்தில் அவர் மீண்டும் ஏறி, விறைத்த விரல்களால் சேகரித்த விதைகள் பிரித்தானியத் தோட்டங்களை நிரப்பின.

இந்தக் கதையில் ஒரு கசப்பும் உண்டு. சிக்கிம் அரசர் அந்நியர் தம் நாட்டுக்குள் திரிவதை விரும்பவில்லை. திபெத்திய எல்லையைக் கடப்பதை அறவே விரும்பவில்லை. ஹூக்கரோ தடையை மீறித் திபெத்துக்குள் போய் வந்தார். 1849 கார்த்திகை 7ஆம் திகதி, சோலா கணவாய்க்கு அருகே அவரும் டார்ஜிலிங் அதிகாரி கம்பெலும் பிடிக்கப்பட்டார்கள். கம்பெலைக் கட்டித் துன்புறுத்தினார்கள், ஹூக்கரை அடிக்கவில்லை. மார்கழியில் இருவரும் விடுவிக்கப்பட்டு, நத்தார் தினத்துக்கு முந்திய நாள் டார்ஜிலிங் வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டே பிரித்தானியர் படையை நகர்த்தி, சிக்கிமின் தாழ்நிலத்தையும் மலைப்பகுதி ஒன்றையும் தமதாக்கிக்கொண்டனர். டார்ஜிலிங்குக்காக அரசருக்குக் கொடுத்து வந்த ஆண்டுப் பணத்தையும் நிறுத்தினர். பிடித்ததும் துன்புறுத்தியதும் தவறு என்று சொல்லலாம். ஆயினும் அழையாத வீட்டுக்குள் நுழைந்தவரின் பொருட்டு வீட்டுக்காரர் நிலத்தை இழந்தார் என்பதை மறைக்க முடியாது.

1850இல் காசி மலைகளுக்குப் போனபோது, நீல நிறமான வண்டா ஓர்க்கிட்டுகளை ஏழு ஆட்சுமை பறித்து கியூவுக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. அத்தனையும் பறிக்கத்தான் வேண்டுமா என்று இன்று வாசிப்பவர் கேட்பார்கள்.

1851இல் நாடு திரும்பினார். 1854இல் வெளியான இமயப் பயண நூலை நண்பர் டார்வினுக்குச் சமர்ப்பித்தார். 1865 முதல் 1885 வரை கியூவின் பணிப்பாளராக இருந்தார். பிரித்தானிய இந்தியாவின் தாவரங்களைப் பற்றிய ஏழு பாகங்களை முடிக்க 1872 தொடக்கம் 1897 வரை ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 80.

ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி டிரைமன், இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலின் மூன்று பாகங்களை வெளியிட்ட பின்னர் 1896இல் காலமானார். எஞ்சிய வேலையை முதியவர் ஹூக்கர் தம் தோளில் ஏற்றார். நான்காம் பாகம் 1898இலும், ஐந்தாம் பாகம் 1900இலும் வெளிவந்தன. அந்த இறுதிப் பாகத்தில் பெரும் பங்கு புல்லினங்களுக்கு உரியது. வேளாண்மை வயலின் நெல்லும் புல்லினமே. கச்சான் காலத்தில் கிழக்குக் கரை மணலில் முள்ளுப் பந்தாக உருண்டோடும் இராவணன் மீசையும் புல்லினமே. சிக்கிமின் மேகத்துக்குள் பூவைத் தேடியவர், 83ஆம் வயதில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எமது தீவின் புற்களை எண்ணி முடித்தார்.

1911 மார்கழி 10ஆம் திகதி, 94ஆம் வயதில் காலமானார். கியூவில் தந்தையாரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.